தோற்றுப் பழகிய கை

கல்வாசல் என்ற இணைய விளையாட்டில் எட்டு வருடமாக முதல் நிலையிலிருந்து இறங்காத கை, ஒரு வாய் ரசம் சாதத்திடம் தோற்றுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா தட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். வலது கை ஒழுங்காகத்தான் கிளம்பியது. தட்டுக்குப் போனது, விரல்கள் விரிந்தன, சோற்றைத் தொட்டன. நாலு பருக்கை நழுவியதுதான் தாமதம், ஐந்து விரல்களும் இறுகி முஷ்டியாகிவிட்டன. சாதம் விரலிடுக்கில் பிதுங்கி மேசையெல்லாம் சிந்தியது. முஷ்டி மட்டும் திறக்கவே இல்லை.

"விடுட்டி, நான் ஊட்டுதேன்" என்றாள் அக்கா ரெஜினா.

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப சரி. இன்னைக்கு ரசம் மேசைக்குத்தான் கொடுத்து வச்சிருக்கு."

ரெஜினாவுக்கு எதையும் சிரிப்பாக்கிவிட வேண்டும். இந்த நான்கு மாதத்தில் தங்கையின் முகம் கழுவி, தலை பின்னி, சோறு ஊட்டி, இடையில் ஒரு நாள்கூட முகம் சுளிக்காதவள் என்பதால் ஜெசிந்தாவும் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டாளே தவிர, முப்பத்து மூன்று வயதில் அடுத்தவர் கையால் வாங்கிச் சாப்பிடுவது அவளுக்கு ஒவ்வொரு வேளையும் தொண்டையில் நின்றது.

துறைமுகத்தில் அவளுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. இப்போதெல்லாம் கிரேனில் யாரும் ஏறுவதில்லை. கரையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, கைப்பிடியால் கண்டெய்னர்களைத் தூக்கி இறக்குகிறார்கள். கல்வாசலில் முதல் நிலை வைத்திருப்பவர்களைத் துறைமுகமே தேடி வந்து வேலைக்கு எடுத்த காலம் ஒன்று இருந்தது. ஜெசிந்தா அப்படிப் போனவள்தான். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட் மாட்டும்போது மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தது, பேச்சு பிழைத்தது, கால்கூட ஒரு வழியாகத் தேறிவிட்டது. வலது கை மட்டும் தோளில் தொங்கும் பையாகிப்போனது.

மதுரையில் இந்த மருத்துவமனைக்கு வந்ததே 'பாலம்' வைத்துக்கொள்ளத்தான். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வில்லை. அறுந்துபோன வழியைச் சுற்றிக்கொண்டு மூளைக்கும் கைக்கும் இடையே அது தூது போகும். ஆனால் வில்லைக்கு எதுவும் தெரியாது. கை எப்படி நீள்கிறது, தப்பினால் எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதையெல்லாம் நல்ல கை ஒன்றிடமிருந்து அது கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் தடம். கல்வாசல் ஆடுகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை, அவர்கள் மூளையும் கையும் பேசிக்கொள்வதை வருடக்கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறது. ஒப்புதல் தந்தவர்களின் தடங்களை மருத்துவமனை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று தடவைதான் முயலலாம். அதற்கு மேல் நரம்பு ஒத்துழைக்காது.

முதல் தடவை ஜெசிந்தா தன் தடத்தையே போடச் சொன்னாள். எட்டு வருடப் பதிவு, அதுவும் முதல் நிலை ஆட்டக்காரியின் பதிவு, வேறு எவனுடையது எதற்கு? டாக்டர் கோமதிநாயகம் தாடையைச் சொறிந்துகொண்டு, "வேற மாதிரி ஒருத்தரோடதை முதல்ல பார்க்கலாமே" என்றார். அவள் கேட்கவில்லை. அவள் தடம் ஏறிய கை, டம்ளர் இருக்கும் இடத்தைத் தானே முன்கூட்டி முடிவு செய்து பாய்ந்தது. டாக்டரின் சட்டையில் காபி. பத்தே நாளில் அந்தத் தடம் கழன்றது. இரண்டாவது தடவை, தன்னைவிடப் பெரிய ஆள் வேண்டும் என்று அடம்பிடித்து, முதல் நிலைக்காரர்களிலேயே உலக அளவில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒருவரின் தடத்தைப் போட்டுக்கொண்டாள். அதன் லட்சணம்தான் இப்போது மேசையில் சிந்திக் கிடந்தது.

மறுநாள் காலை டாக்டர் வந்து முஷ்டியை மெல்லப் பிரித்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தீவிரமா விளையாடுறவங்களுக்கும் சும்மா விளையாடுறவங்களுக்கும் என்ன வித்தியாசம்? உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க."

"நேரம். நாங்க ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உக்காருவோம். அவங்க பல்லு விளக்குத நேரந்தான் ஆடுவாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஆறு மணி நேரம் சும்மா விளையாடுற ஆளுங்களும் இருக்காங்க. அரை மணி நேரத்துல பிபி ஏத்திக்கிற ஆளுங்களும் இருக்காங்க."

"அப்ப வேகம்."

"வேகமும் இல்லம்மா. தோத்த உடனே வருதே, ஒரு அரை நொடி, அதுலதான் எல்லாம் இருக்கு." அவர் திரையைத் திருப்பினார். சிவப்புக் கோடு ஒன்று சுவர் மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றது. "இது உங்க தடம். ஒரு தப்பு நடந்ததும் மொத்த உடம்பும் சண்டைக்கு நிக்குது. அதனாலதான் நீங்க முதல் நிலை. அதைக் குறையா சொல்லலை. ஆனா இப்ப உங்க கை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை தோக்கணும். ஒவ்வொரு தடவையும் முஷ்டி பிடிச்சா அது எப்ப கத்துக்கும்?"

டாக்டர் அடுத்த கோட்டைப் போட்டார். குளத்து நீர்போல அது சும்மா கிடந்தது.

"இவர் யாருன்னு எனக்கே தெரியாது. ஒன்பது வருஷமா ஆடுறார். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். நிலையே கிடையாது. நாலாயிரத்துச் சொச்சம் தடவை செத்திருக்கார்."

"அதுக்குப் பேரு விளையாட்டா?" என்று ரெஜினா சிரித்தாள்.

"சிரிங்க. அவரும் சிரிச்சிருக்கார்னுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு சாவுக்கு அப்புறமும் இங்க ஒரு சின்ன மேடு வருது பாருங்க. அது என்னன்னு தெரியலை. ஆனா பயமில்லை, கோபமில்லை. கை அப்படியே தளர்ந்து, உடனே அடுத்ததுக்குத் தயாராயிடுது. நான் தேடின வரைக்கும் இவ்வளவு நல்லாத் தோக்கத் தெரிஞ்ச ஆள் வேற இல்லை."

"ஒட்டிக்கிட்டா அது ஆயுசுக்கும் நிக்கும்னு சொன்னீங்க" என்றாள் ஜெசிந்தா.

"ஆமா."

"ஆயுசுக்கும் ஒரு சோம்பேறிக் கையா எனக்கு?" ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. கிரேன் அறையின் திரையும், கப்பல் தட்டில் கண்டெய்னரை மயிரிழை பிசகாமல் இறக்கும் சுகமும், அவள் இறக்கும்போது மட்டும் பின்னால் வந்து நின்று பார்க்கும் புதுப் பிள்ளைகளும் அவள் கண்முன் வந்து போனார்கள்.

"சோம்பேறிக் கையாவது சோறு திங்கும்டி" என்றாள் ரெஜினா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள் ஜெசிந்தா. படிவத்தின் கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தடம் தந்தவரைத் தேடக் கூடாது. தற்செயலாகத் தெரிய வந்தாலும் அவரிடம் சொல்லக் கூடாது. முன்பு எங்கோ ஒருவர், 'என் கையை வைத்துத்தானே நீ வாழ்கிறாய்' என்று வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாராம். அதற்குப் பிறகு சட்டமே வந்துவிட்டது. நான் ஏன் தேடப் போகிறேன் என்று அவள் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடம் ஏறிய அன்று மதியம் தட்டு வந்தது. கை நிதானமாக, ஏதோ விருந்துக்குப் போகிறதுபோல, தட்டுக்குப் போனது. சோற்றைத் தொட்டது, நழுவவிட்டது. ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு முஷ்டிக்காகக் காத்திருந்தாள்.

முஷ்டி வரவில்லை. கை தளர்ந்து கீழே இறங்கி, அவள் தொடையில் இரண்டு தட்டுத் தட்டியது. டப், டப். பிறகு தானே எழுந்து மறுபடியும் தட்டை நோக்கிக் கிளம்பியது.

"என்னட்டி, குஸ்திக்குக் கிளம்பிட்டியா?" என்றாள் ரெஜினா.

அக்காவும் தங்கையும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ஜெயிக்கப் போகிறவன் அல்லவா தொடை தட்டுவான்? இந்தக் கை தோற்றுவிட்டுத் தட்டியது. அன்று அது எண்பது தடவை தோற்றது. மறுநாள் இருநூறு. நைட்டியில் தொடைப்பக்கம் முழுக்க மஞ்சள் கறை. கையோ சலிக்கவே இல்லை. ஆறாம் நாள் டம்ளரைப் பிடித்தது. ஒன்பதாம் நாள் சோற்றை உருட்டியது. பதினோராம் நாள் காலை ஒரு துண்டு இட்லி சாம்பாரில் புரண்டு, தாடையில் ஒரு தடவை முட்டி, வாய்க்குள் போய்ச் சேர்ந்தது. ஜெசிந்தா மெல்லவும் மறந்து அழுதாள். ரெஜினா வாசல்பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா ஒட்டிக்கிச்சு. நீங்க வேலைக்கே போகலாம்மா. ஒரே ஒரு திருத்தம். அந்தத் தொடை தட்டுறது, அதுதான் நான் காட்டின சின்ன மேடு. அவரோட பழக்கம் போல. நமக்கு அது வேண்டாத சத்தம்தானே? நாளைக்கு எடுத்துடுறேன்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மேசையிலிருந்து பேனாவை எடுக்கப்போய்த் தவறவிட்டாள். கை தொடைக்கு இறங்கியது. டப், டப். முதல் தட்டு உரக்க. இரண்டாவது மெதுவாக, மணிக்கட்டை லேசாகச் சாய்த்து, குழந்தையைத் தட்டுவதுபோல.

இதை நான் பார்த்திருக்கிறேன், என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது. எங்கே என்றும் உடனே நினைவுக்கு வந்தது.

கல்வாசலில் கோட்டைக்குள் போக ஒரு கதவு உண்டு. பன்னிரண்டு பேர் போனால் பதினொரு பேர்தான் உள்ளே நுழையலாம். ஒருவர் வெளியே நின்று கதவைத் தோளால் முட்டிப் பிடித்திருக்க வேண்டும். கடைசி ஆள் நுழைந்ததும் கதவு விழும், பிடித்தவர் நசுங்கிச் சாவார், சாவடிக் கிணற்றருகே மறுபடி எழுவார். உள்ளே போனவர்களுக்குப் பெட்டியும் புள்ளியும். கதவு பிடித்தவருக்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சாவுக்கும் நிலை இறங்கும் என்பதால் தீவிர ஆட்டக்காரர் எவரும் கதவைத் தொட மாட்டார்கள். இழக்க எதுவும் இல்லாத, சும்மா விளையாடுகிற ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துவார்கள். வாசல்காரர் என்று அதற்குப் பெயர்.

ஜெசிந்தாவின் 'கடற்சூறை' அணிக்கு ஆறு வருடமாக ஒரே வாசல்காரர். ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் மோர்மிளகாய். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார், இருபது நிமிடம் இருப்பார், பேச மாட்டார். கதவைப் பிடிப்பார், சாவார், கிணற்றடியில் எழுந்து தொடையை இரண்டு தட்டுத் தட்டுவார், மறுபடி கதவுக்குப் போவார். நெற்றிப்பட்டை கட்டியவர் கை செய்வதையெல்லாம் ஆட்டத்து உருவமும் செய்யும் அல்லவா? அதைப் பார்த்துப் பார்த்து அணியே சிரிக்கும். 'செத்துப்போயிட்டுத் தொடை தட்டுதான் பாரு பயில்வான்' என்று முதலில் சொன்னது ஜெசிந்தாதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் அவர் இரண்டு நிமிடம் பிந்தி வந்தார். "உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த ஆட்டம்? மிக்சரத் தின்னுக்கிட்டு வீட்டுல கிடக்க வேண்டியதுதான?" என்று பத்துப் பேர் கேட்க அவள் கத்தினாள். அவர் பதில் பேசாமல் நேராகப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

நாலாயிரத்துச் சொச்சம் சாவு. அதில் பாதியாவது தனக்காகச் செத்தது என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அந்தக் கை தோற்கப் பழகிய பள்ளிக்கூடமே அவளுடைய கதவுதான். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அதற்கு அடியிலிருந்து வேறொன்றும் ஊறி வந்தது. காலையில் தின்ற அந்த இட்லித் துண்டின் ருசி அது.

"எடுக்க வேண்டாம் டாக்டர். அந்தத் தட்டு இருக்கட்டும்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "எதையாவது கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அவள் குனிந்து, விழுந்த பேனாவை எடுத்தாள்.

"நான் கேட்கலை, நீங்களும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்தில் அவளைச் சோதித்துப் பார்த்தார்கள். காற்று அடித்து, தூக்கிய கண்டெய்னர் தொட்டிலாக ஆடியது. பழைய ஜெசிந்தாவாக இருந்தால் அதோடு மல்லுக்கு நின்றிருப்பாள். இந்தக் கை ஆட்டம் அடங்கட்டும் என்று பொறுத்திருந்து, அடங்கியதும் அலுங்காமல் இறக்கியது. முன்பைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதல்தான். மேற்பார்வையாளர் தாளில் ஏதோ குறித்துவிட்டு, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். எழுந்து வரும்போது கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதாவுக்கு ஒரு நன்றி சொன்னாள். பெயர் தெரியாத ஆளுக்கு இரண்டு சொன்னாள்.

அன்றே சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நெற்றிப்பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ரெஜினா போனில் பழம் அடுக்கும் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாட்டி? ஆறு மணி நேரமா?"

"இல்லக்கா. இருபது நிமிஷம்."

கல்வாசலில் கடற்சூறை அணியே அவளைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டது. அவள் இல்லாத நாட்களில் அணியை நடத்திய தாமஸ், "அக்கா வந்தாச்சு, இன்னைக்கு ரெண்டு கோட்டை!" என்று குதித்தான். கூட்டத்துக்கு வெளியே, ஆறு மணி ஆனதும், மோர்மிளகாய் வழக்கம்போல வந்து கதவருகே நின்றார்.

"இன்னைக்கு வாசலை நான் பிடிக்கேன்" என்றாள் ஜெசிந்தா.

"அக்கா, விளையாடாதீங்க. செத்தா நிலை போயிரும். எட்டு வருஷம்!" என்றான் தாமஸ்.

"போவட்டும்டே." அவள் மோர்மிளகாயிடம் திரும்பினாள். "நீங்க உள்ள போங்க. ஒரு தடவகூடப் பாத்ததில்லல்லா?"

அவர் தயங்கினார். பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, அவர் குரல் கேட்டது. ஐம்பது வயதாவது இருக்கும் குரல், தொண்டை கட்டிய குரல். "எனக்குச் சண்டை போடத் தெரியாதும்மா."

"போடாண்டாம் அண்ணாச்சி. சும்மா போயிப் பாத்துட்டு வாங்க."

அண்ணாச்சி என்று அவளை அறியாமலே வாயில் வந்தது. தோளைக் கதவில் கொடுத்து முட்டினாள். பதினொரு பேரும் அவளைக் கடந்து ஓடினார்கள். அவர்கள் முதுகுகளைப் பார்த்தபடி நிற்பது ஒரு தினுசான நிறைவாக இருந்தது. கடைசியாக மோர்மிளகாய், கோயிலுக்குள் நுழைகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கதவு விழுந்தது. எட்டு வருட முதல் நிலை கண் எதிரே இறங்கி மறைந்தது.

கிணற்றடியில் எழுந்தாள். கை தானே தொடைக்குப் போனது. டப், டப். இரண்டாவது மெதுவாக, மணிக்கட்டைச் சாய்த்து.

நிமிர்ந்து பார்த்தபோது மோர்மிளகாய் எதிரே நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் உள்ளே பெட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்வழியாகப் போன வேகத்தில் திரும்பியிருந்தார்.

"உள்ள ஒரு பெட்டி இருக்கு. அம்புட்டுதான்" என்றார். "எனக்குக் கதவுதாம்மா பிடிச்சது. கோவில்பட்டில வேன் ஓட்டுறேன். பிள்ளைக டியூஷன் விட்டு வர இருபது நிமிஷம் ஆகும். அதுக வேன்ல ஏறுறப்பவும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எல்லாம் ஒண்ணொண்ணா உள்ள ஓடுறதைப் பாக்க நல்லாருக்கும்."

பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பார்வை அவள் வலது கையில் இருந்தது.

"போன வருஷம் ஒரு படிவம் வந்துச்சு" என்றார் மெதுவாக. "உங்க தடத்தைக் கொடுத்தா யாருக்காவது உதவும்னு. தோத்தாங்குளியோட தடத்தை வச்சு எவன் என்னத்தைச் செய்யப் போறான்னு சிரிச்சுக்கிட்டே சம்மதிச்சேன். உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னு இந்தத் தம்பிக பேசிக்கிட்டாங்க."

படிவத்தில் தடித்த எழுத்தில் இருந்த நிபந்தனை ஜெசிந்தாவின் நினைவுக்கு வந்தது. மன்னிப்பு, நன்றி, அன்றைக்குக் கத்தியது, இட்லித் துண்டு எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

அவரும் மேலே எதுவும் கேட்கவில்லை. தூரத்தில், அவர் வேன் நிற்கும் நிஜ உலகத்தில், பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. போகத் திரும்பியவர் நின்றார். ஊரில் யாரைப் பார்த்தாலும் யாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"சாப்டீங்களாம்மா?"

அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"சாப்டேன் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "மீன்குழம்பு. நானே பிசைஞ்சு, முள்ளெடுத்து, என் கையால சாப்டேன்."

மோர்மிளகாய் அன்று சாகவில்லை, தோற்கவும் இல்லை. ஆனாலும் தொடையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வேன் கதவைத் திறக்கப் போனார்.